தலையில் இருபத்தொரு புள்ளிகள்: அளந்து வைக்கும் முறை

இ.இ.ஜி. பதிவைப் படிக்கும் மருத்துவர் பெரும்பாலும் நோயாளியின் தலையைப் பார்ப்பதில்லை. அவருடைய திரையில் இருப்பவை அலைக்கோடுகளும், ஒவ்வொரு கோட்டின் ஓரத்திலும் இரண்டு பெயர்களும்தான். ‘எஃப்7 – டி3’ என்று போட்டிருந்தால், அந்தக் கோடு நெற்றிப்பொட்டின் அருகிலிருந்தும் காதுக்கு மேலிருந்தும் வந்தது என்று நம்பித்தான் அவர் படிக்கிறார். எலக்ட்ரோடு இரண்டு சென்டிமீட்டர் தள்ளி ஒட்டப்பட்டிருந்தால் இயந்திரம் அதைக் கண்டுபிடிக்காது. கோடு அழகாகவே ஓடும், பெயரும் சரியாகவே இருக்கும், இடம் மட்டும் பொய்யாகிவிடும். வலிப்பு மூளையின் எந்தப் பகுதியிலிருந்து கிளம்புகிறது என்று தேடும் பதிவில் இதைவிடப் பெரிய கெடுதல் கிடையாது. ஆகவே இந்த அத்தியாயத்தில் இயந்திரத்தைவிட அளவுநாடாவைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறோம்.

ஜெர்மனியின் ஜேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலையை முதன்முதலில் பதிவுசெய்தது 1924இல். அதை வெளியிட்டது 1929இல். அதன்பின் ஆய்வகங்கள் பெருகின, ஆனால் எலக்ட்ரோடை எங்கே வைப்பது என்பதில் ஒவ்வோர் ஆய்வகமும் தன் போக்கில் போனது. ஓரிடத்தில் எடுத்த பதிவை இன்னோரிடத்தில் எடுத்ததோடு ஒப்பிட வழியில்லை. 1947இல் லண்டனில் கூடிய பன்னாட்டு மாநாட்டில் இதற்கு ஒரு பொது ஏற்பாடு வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. மான்ட்ரியல் நரம்பியல் நிலையத்தில் வைல்டர் பென்ஃபீல்டோடு பணியாற்றிய ஹெர்பர்ட் ஜாஸ்பர் அந்த வேலையை ஏற்றார். அவர் தலைமையில் உருவான ‘பத்து–இருபது முறை’ 1958இல் வெளியானது. இன்றும் உலகம் முழுக்க மருத்துவமனைகளில் நடைமுறையில் இருப்பது அதுவே.

பத்து, இருபது என்பவை சென்டிமீட்டர் அல்ல, சதவீதம். இதைத்தான் அந்த முறையின் மூளை என்பேன். தலையின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். ‘புருவத்துக்கு மேல் நான்கு சென்டிமீட்டர்’ என்று விதி வைத்தால் பெரியவருக்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கும் அது வேறு வேறு மூளைப்பகுதியைக் காட்டும். நெற்றியிலிருந்து பிடரிவரையுள்ள தூரத்தில் பத்தில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு என்று பிரித்தால் எந்தத் தலையிலும் ஏறத்தாழ அதே மூளைப்பகுதிக்கு மேல் போய் நிற்கும். இறந்தோர் உடலிலும் அறுவை சிகிச்சைகளிலும் மண்டையோட்டுக்குக் கீழே எந்த மடிப்பு இருக்கிறது என்று சரிபார்த்த பிறகே புள்ளிகளை முடிவுசெய்தார்கள்.

நாற்காலியில் உட்காரும் முன்

நாள் குறித்துக் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டிய விஷயம்: முந்தைய இரவு ஷாம்பூ போட்டுத் தலைக்குக் குளித்து, காயவைத்து, எண்ணெய் தடவாமல் வர வேண்டும். நம் ஊரில் இதை ஒருமுறை சொன்னால் போதாது. ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே என்று தலையைப் படிய வாரி, தேங்காய் எண்ணெய் தடவி, பூவும் வைத்துக்கொண்டுதான் வருவார்கள். எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது. அதன்மேல் பேஸ்ட் ஒட்டவும் ஒட்டாது. அப்படி வந்தவரைத் திட்டாமல் தலையை அலசி வரச் சொல்லுங்கள். அதற்கு ஒரு பொட்டலம் ஷாம்பூவும் துண்டும் அறையில் இருக்கட்டும். நெற்றியில் பட்டையாக விபூதி இருந்தால் எஃப்பி1, எஃப்பி2 என்ற முன்நெற்றிப் புள்ளிகள் இரண்டும் அதன்மேல்தான் வரும். துடைக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் துடைப்பது மரியாதை. கோயிலில் முடியிறக்கிவிட்டு நேரே வருகிற நோயாளி கிடைத்தால் அன்றைக்கு உங்கள் வேலை பாதி.

வலிப்பு மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உரிமை டெக்னீஷியனுக்குக் கிடையாது. மருத்துவர் எழுதித் தராத வரையில் வழக்கம்போல் சாப்பிட்டு, வழக்கம்போல் மாத்திரை போட்டுக்கொண்டு வரச் சொல்ல வேண்டும். வெறும் வயிற்றோடு வந்தால் சர்க்கரை குறைந்து பதிவே மாறக்கூடும்.

பிறகு, பயம். “தம்பி, கரண்டு வைப்பாங்களா?” என்று கேட்காத பெரியவர்கள் குறைவு. ஒயர்களைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். “இல்லம்மா, நாங்க உள்ள எதையும் அனுப்பமாட்டோம். உங்க தலையிலேர்ந்து வர்றத எழுதிக்கிறோம், அவ்வளவுதான்” என்று நாடாவைக் கையில் எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பயந்தவரின் தாடை இறுகியிருக்கும், நெற்றி சுருங்கியிருக்கும். அந்தத் தசைகளின் மின்னோட்டம் முழுவதும் பதிவில் வந்து விழும். மூளையின் அலை தலைத்தோலுக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோவோல்ட் அளவில்தான் இருக்கும், இதயத்தின் இ.சி.ஜி. அலையோ மில்லிவோல்ட் கணக்கு. இவ்வளவு மெல்லிய அலையின்மேல் தசை அலை ஏறினால் மூளை மறைந்தே போகும்.

நான்கு எலும்பு அடையாளங்கள்

அளவெல்லாம் நான்கு இடங்களிலிருந்து தொடங்குகின்றன. நான்கும் எலும்பில் இருப்பவை. புருவத்தையோ முடி தொடங்கும் கோட்டையோ நம்பக் கூடாது. அவை ஆளுக்கு ஆள் நகரும்.

முதலாவது நேசியான். இரண்டு புருவங்களுக்கும் நடுவிலிருந்து விரலைக் கீழே இறக்கினால், மூக்குத்தண்டு தொடங்கும் இடத்தில் ஒரு பள்ளம் தட்டுப்படும். அதன் அடிதான் நேசியான். பொட்டு வைக்கும் இடமல்ல, அதற்கும் கீழே. புதிதாக வருபவர்கள் பொட்டிலிருந்தே அளக்கத் தொடங்கிவிடுவார்கள்.

இரண்டாவது இனியான், தலையின் பின்புறம், பிடரிக்கு மேலே நடுவில் இருக்கும் எலும்புப் புடைப்பு. நான்கில் தொல்லை தருவது இதுதான். சிலருக்குக் குமிழ்போலத் தெளிவாக இருக்கும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பல சமயம் தடவினாலும் தெரியாது. நோயாளியைத் தலையை லேசாக முன்னும் பின்னும் ஆட்டச் சொல்லுங்கள். கழுத்துத் தசை மேலே வந்து எலும்பைத் தொடும் நடுவிடத்துக்குச் சற்று மேலே விரலை வைத்து, பக்கவாட்டில் உருட்டித் தேடுங்கள். கொண்டையோ பின்னலோ இருந்தால் அவிழ்க்கச் சொல்லுங்கள். அதன்மேல் நாடாவை ஓட்டினால் அளவு கூடிவிடும்.

இனியானைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உண்மையான தூரம் 36 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் இனியானை 2 சென்டிமீட்டர் கீழே குறித்துவிட்டீர்கள். நாடா 38 காட்டுகிறது. உச்சிப்புள்ளி 18இல் வர வேண்டியது 19இல் விழும். பின்தலைப் புள்ளி 32.4இல் வர வேண்டியது 34.2இல் விழும். அதாவது பின்னால் செய்த ஒரு பிழை தலை முழுவதும் பரவுகிறது; பின்னே போகப் போகக் கூடுகிறது. பின்தலை எலக்ட்ரோடுகள் கழுத்துத் தசைக்கு அருகே இறங்கிவிடுவதால் நோயாளி தலையணையில் தலையை அழுத்தும்போதெல்லாம் அந்தக் கோடுகள் தடித்துக் கறுத்துப்போகும். மருத்துவர் ‘தசைக் குறுக்கீடு’ என்று எழுதிவைப்பார். உண்மையில் அது நாடாவின் குறுக்கீடு.

மூன்றாவதும் நான்காவதும் காதுமுன் பள்ளங்கள். காதுத்துளைக்கு முன்னாலிருக்கும் சிறு குருத்துப் புடைப்புக்குச் சற்று மேலே விரலை வைத்து, நோயாளியை வாயைத் திறந்து மூடச் சொன்னால் விரலுக்குக் கீழே தாடை மூட்டு அசைவது தெரியும். கன்னத்து எலும்பு காதை நோக்கி வந்து முடியும் அந்தப் பள்ளம்தான் அடையாளம். இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் குறித்திருக்கிறீர்களா என்று எதிரே நின்று ஒருமுறை பாருங்கள்.

மூன்று அளவுகள்

கையில் வேண்டியவை, சென்டிமீட்டர் நாடா ஒன்று, தோலில் எழுதும் மெழுகுப் பென்சில் ஒன்று. இன்ச் பக்கத்தைத் திருப்பி வைத்துவிடுங்கள். பத்து சதவீதத்தை மனக்கணக்காகப் போடச் சென்டிமீட்டர்தான் வசதி. துவைத்துத் துவைத்து நீண்டுபோன தையல்கடை நாடா வேண்டாம்.

முதல் அளவு முன்னிருந்து பின். நேசியானில் நாடாவின் தொடக்கத்தை வைத்து, உச்சந்தலை வழியாக நடுக்கோட்டிலேயே ஓட்டி, இனியானில் முடியுங்கள். 36 சென்டிமீட்டர் வந்ததாகக் கொள்வோம். பத்து சதவீதம் 3.6, இருபது சதவீதம் 7.2. நேசியானிலிருந்து 3.6இல் எஃப்பி-இசட், 10.8இல் எஃப்-இசட், 18இல் சி-இசட், 25.2இல் பி-இசட், 32.4இல் ஓ-இசட். அதற்குப் பின் இனியான் வரைக்கும் மறுபடி 3.6 மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் கணக்கில் எங்கோ வழுக்கியிருக்கிறீர்கள். எஃப்பி-இசட், ஓ-இசட் இரண்டும் வழக்கமான பதிவில் அளவுக்கான குறிகள் மட்டுமே. அவற்றில் பதிவு எலக்ட்ரோடு ஒட்டுவதில்லை.

இரண்டாவது அளவு காதிலிருந்து காது. இடது காதுமுன் பள்ளத்திலிருந்து, நீங்கள் குறித்த சி-இசட் வழியாக, வலது காதுமுன் பள்ளத்துக்கு. 35 சென்டிமீட்டர் வந்தால் நடு 17.5. அது முதல் அளவின் நடுவோடு எங்கே வெட்டுகிறதோ அதுவே உண்மையான சி-இசட். முன்பு போட்ட குறி ஓரமாகத் தள்ளியிருந்தால் அதை அழித்துவிட்டு இதை வையுங்கள். இடமிருந்து 3.5இல் டி3, 10.5இல் சி3, நடுவைத் தாண்டி 24.5இல் சி4, 31.5இல் டி4.

மூன்றாவது சுற்றளவு. எஃப்பி-இசட், டி3, ஓ-இசட், டி4 நான்கையும் தொட்டுக்கொண்டு தலையைச் சுற்றி நாடாவை ஓட்டுங்கள். காதுக்கு மேலே முடிக்குள் நாடா சரிந்து இறங்கப் பார்க்கும். உதவிக்கு ஒருவர் ஒரு விரலால் பிடித்துக்கொண்டால் போதும். 54 சென்டிமீட்டர் என்றால் ஐந்து சதவீதம் 2.7, பத்து சதவீதம் 5.4. எஃப்பி-இசட்டிலிருந்து இடப்பக்கமாக 2.7இல் எஃப்பி1, 8.1இல் எஃப்7, 13.5இல் டி3, 18.9இல் டி5, 24.3இல் ஓ1. வலப்பக்கமும் அப்படியே எஃப்பி2, எஃப்8, டி4, டி6, ஓ2. இங்கே ஒரு நல்ல சோதனை தானாகக் கிடைக்கிறது. டி3 ஏற்கெனவே இரண்டாவது அளவில் குறிக்கப்பட்டுவிட்டது. சுற்றளவில் வரும் டி3 அதோடு பொருந்த வேண்டும். ஓரிரு மில்லிமீட்டர் பிசகலாம். அரை சென்டிமீட்டருக்கு மேல் விலகினால் புள்ளியை நடுவில் தள்ளிச் சமாதானம் செய்யாதீர்கள். இனியானுக்குத் திரும்பிப் போங்கள். பத்துக்கு எட்டு முறை குற்றவாளி அங்கேதான் இருப்பார்.

மீதி நான்கு புள்ளிகள் கணக்கில்லாமலே வந்துவிடும். எஃப்7க்கும் எஃப்-இசட்டுக்கும் நடுவில், அதே சமயம் எஃப்பி1க்கும் சி3க்கும் நடுவில் எஃப்3. டி5க்கும் பி-இசட்டுக்கும் நடுவில், சி3க்கும் ஓ1க்கும் நடுவில் பி3. வலப்பக்கம் எஃப்4, பி4. காதுமடல்களில் ஏ1, ஏ2 வைத்தால் இருபத்தொன்றும் முடிந்தது.

இதெல்லாம் படிக்க நீளமாக இருக்கிறது. பழகிய கைக்கு அதிக நேரம் ஆகாது. பழகியவர்கள் சிலர் நாடாவைத் தூக்கி எறிந்துவிட்டு ‘கண்ணளவு’ என்று கிளம்புவதைத்தான் என்னால் ஏற்க முடிவதில்லை. கண்ணளவில் வைப்பவர் தன் வலதுகைப் பழக்கத்துக்கு ஏற்ப ஒரு பக்கத்தைச் சற்று ஏற்றியும் மறுபக்கத்தைச் சற்று இறக்கியும் வைப்பார்; தினமும் அதே பிழையைச் செய்வதால் அவர் கண்ணுக்கு அது சரியாகவே தெரியும்.

இடமும் வலமும் ஒத்திருப்பது ஏன் இவ்வளவு முக்கியம்? இரண்டு எலக்ட்ரோடுகளுக்கு இடையிலான மின்னழுத்த வேறுபாடுதான் ஒரு கோடாக எழுதப்படுகிறது. இரண்டும் நெருங்கினால் வேறுபாடு குறையும், அலை சிறுக்கும். இடப்பக்கம் பி3யும் ஓ1உம் ஒரு சென்டிமீட்டர் நெருங்கி, வலப்பக்கம் பி4உம் ஓ2உம் சரியான தூரத்தில் இருந்தால், இடப்பக்க மூளையின் அலை மங்கியிருப்பதுபோல் தாள் காட்டும். ஒன்றுமில்லாத ஒருவருக்கு ஸ்கேன் எழுதித் தர அதுவே காரணமாகலாம்.

பெயர்களை எப்படிப் படிப்பது

எஃப்பி முன்நெற்றி, எஃப் முன்மூளை, டி பக்கமூளை, பி மேல்மூளை, ஓ பின்மூளை. சி என்பது நடு. அந்தப் பெயரில் மூளைக்கு ஒரு மடல் கிடையாது. முன்மூளையையும் மேல்மூளையையும் பிரிக்கும் நடுப்பிளவின் அக்கம்பக்கம் அது. ஒற்றைப்படை எண் இடப்பக்கம், இரட்டைப்படை வலப்பக்கம், நடுக்கோட்டுக்கு இசட். எண் பெரிதாகப் பெரிதாக நடுக்கோட்டிலிருந்து விலகுகிறோம்.

பெயரை அப்படியே நம்பிவிடவும் கூடாது. எஃப்7, எஃப்8 இரண்டுக்கும் முன்மூளையின் எழுத்து இருக்கிறது. ஆனால் பக்கமூளையின் முன்முனையிலிருந்து வரும் வலிப்பு அலைகளை அவை நன்றாகவே பிடிக்கும். காதுமடலில் வைக்கும் ஏ1, ஏ2 ஆகியவற்றை ‘மின்சாரமில்லாத இடம்’ என்று பழைய வழக்கத்தில் சொல்வார்கள்; பக்கமூளை அலையும் இதயத்துடிப்பும் அங்கே வரைக்கும் எட்டும்.

புதிய இயந்திரங்களில் டி3, டி4 என்ற பெயர்களைத் தேடினால் கிடைக்காமல் போகலாம். பத்து–இருபதின் இடைவெளிகளை நிரப்பி நெருக்கமாக்கிய ‘பத்து–பத்து முறை’யில் டி3, டி4 ஆகியவை டி7, டி8 என்றும், டி5, டி6 ஆகியவை பி7, பி8 என்றும் ஆகிவிட்டன. இடம் அதேதான், பெயர்தான் வேறு. நீங்கள் பழைய பெயரில் பழகியவராகவும் பெட்டி புதிய பெயரைக் காட்டுவதாகவும் இருந்தால், ஒயரைச் செருகும் பலகையின் பக்கத்தில் ஒரு சீட்டு எழுதி ஒட்டிவையுங்கள். அவசரத்தில் பி7ஐயும் பி3ஐயும் மாற்றிச் செருகுவது நடக்கக்கூடியதே.

பக்கமூளையின் அடிப்பகுதியை இருபத்தொரு புள்ளிகள் சரியாகத் தொடுவதில்லை என்பது இந்த முறையின் பழைய குறை. மருத்துவ நரம்பு உடலியங்கியலுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு 2017இல் இதற்காக எஃப்9, எஃப்10, டி9, டி10, பி9, பி10 என்ற ஆறு புள்ளிகளைச் சுற்றளவுக் கோட்டுக்குக் கீழே சேர்த்து, தலையில் 25 எலக்ட்ரோடுகள் வைக்கப் பரிந்துரைத்தது. உங்கள் பெட்டியில் துளை இருந்தால் அவற்றைச் சேர்த்தே பழகுங்கள். வலிப்பு நோயாளிகளில் பக்கமூளை வலிப்பு உள்ளவர்கள் ஏராளம். நேரம் அதிகமாவதை மட்டும் காரணம் காட்டி அந்த ஆறையும் விட்டுவிடுவது சரியல்ல.

ஒட்டுவது

குறி போட்ட இடத்தில் சீப்பின் வாலால் முடியை வகிடெடுத்து விலக்குங்கள். தேய்க்கும் ஜெல்லைப் பஞ்சுக் குச்சியில் எடுத்து, குறியின்மேல் மட்டும், நாலைந்து முறை உறுதியாகத் தேயுங்கள். மேலே செத்துக் கிடக்கும் தோல்படலம் போனால் போதும். சிவந்து இரத்தம் கசியும்வரை தேய்ப்பவர்கள் நோயாளிக்கும் தங்களுக்கும் நோய்த்தொற்றை வரவழைக்கிறார்கள். பிறகு கிண்ண எலக்ட்ரோடில் பேஸ்ட்டை நிரப்பி, லேசாக மேலே குவியும்படி எடுத்து, அழுத்தி, மேலே சின்ன காஸ் துண்டு ஒன்றை வைத்து மூடுங்கள். பேஸ்ட் கிண்ணத்தை விட்டு வழிந்து பக்கத்து எலக்ட்ரோடின் பேஸ்ட்டைத் தொடக் கூடாது. தொட்டால் இரண்டும் மின்சாரக் கணக்கில் ஒன்றாகிவிடும். அவற்றுக்கிடையிலான கோடு ஏறத்தாழத் தட்டையாக ஓடும். வெயிலில் வியர்த்து வந்தவருக்கு வியர்வையே இந்த வேலையைச் செய்துவிடும். விசிறியைப் போட்டுச் சற்று ஆறவிடுங்கள்.

ஒரே பதிவில் தங்கக் கிண்ணத்தையும் வெள்ளிக் கிண்ணத்தையும் கலக்காதீர்கள். உலோகம் மாறினால் இரண்டுக்கும் இடையே தானாகவே ஒரு மின்னழுத்தம் உருவாகி, கோடு நிலையில்லாமல் அலையும். பல மணி நேரம் நீளும் வீடியோப் பதிவுக்குப் பேஸ்ட் தாங்காது. கொலோடியன் பசை வேண்டும். அது தீப்பிடிக்கும், கண்ணில் பட்டால் எரியும், நாற்றமும் உண்டு. காற்றோட்டமான அறையில், கண்ணைத் துணியால் மூடித்தான் அதைக் கையாள வேண்டும்.

பொது எலக்ட்ரோடு, அதாவது கிரவுண்ட், நெற்றியில் ஒன்றே ஒன்றுதான். தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளி ஏற்கெனவே வேறு கருவிகளோடு இணைக்கப்பட்டிருக்கலாம்; அங்கே இரண்டாவது கிரவுண்ட் சேர்ந்தால் அது பாதுகாப்புப் பிரச்சினை. பயோமெடிக்கல் பொறியாளரைக் கேட்காமல் இணைக்காதீர்கள்.

மின்தடையை அளக்கும் பொத்தானை இப்போது அழுத்துங்கள். பழைய விதி ஒவ்வோர் எலக்ட்ரோடிலும் 5 கிலோ ஓமுக்குக் கீழே என்பது; இன்றைய பெருக்கிகளுக்கு 10 வரையிலும் ஏற்கலாம் என்கிறார்கள். எண்ணைவிட முக்கியம் எல்லாம் ஒத்திருப்பது. இருபதும் 3இல் இருந்து ஒன்று மட்டும் 12இல் நின்றால், சுவரிலிருக்கும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் அந்த ஒன்றின் வழியாகத்தான் பதிவுக்குள் வரும். அதைக் கண்டதும் நாட்ச் ஃபில்டரைப் போட்டு மறைப்பது பல அறைகளில் வழக்கமாகிவிட்டது. ஃபில்டர் கடைசி மருந்து. முதலில் அந்த எலக்ட்ரோடைத் தூக்கிப் பார்த்துத் திரும்ப ஒட்டுங்கள். மறுமுனையில், மின்தடை சில பத்து ஓம்களுக்கு விழுந்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள். எங்கோ பேஸ்ட் வழிந்து சேர்ந்திருக்கிறது.

நீட்சித் தொப்பிகளைப் பற்றிக் கேட்பீர்கள். ஆராய்ச்சிக்கும் அவசரத்துக்கும் அவை நல்லவை. ஆனால் தொப்பிக்குச் சில அளவுகள்தான் உண்டு, தலைக்கு அப்படியில்லை. தொப்பி போட்டாலும் சி-இசட்டை நாடாவால் அளந்து, தொப்பியின் நடுத்துளை அங்கே விழுகிறதா என்று பாருங்கள்.

பதிவைத் தொடங்கும் முன் ஒரு சோதனை

எல்லா ஒயரும் சரியான துளையில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நோயாளியின் உடம்பே உதவும். கண்ணைச் சிமிட்டச் சொல்லுங்கள். விழியின் முன்பக்கம் நேர்மின்னேற்றம் கொண்டது. சிமிட்டும்போது விழி மேலே சுழல்வதால் எஃப்பி1, எஃப்பி2 தொடங்கும் கோடுகளில் கீழ்நோக்கி ஒரு பெரிய வளைவு வரும். அது பின்தலைக் கோட்டில் வந்தால் ஒயர் மாறிவிட்டது. தலையை அசைக்காமல் இடப்பக்கம் பார்க்கச் சொன்னால் எஃப்7ஐச் சேர்ந்த இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று விலகிப் பிரியும், எஃப்8ஐச் சேர்ந்தவை ஒன்றை நோக்கி ஒன்று குவியும். வலப்பக்கம் பார்த்தால் நேர்மாறு. இடமும் வலமும் மாறிச் செருகியிருந்தால் இது உடனே காட்டிக்கொடுத்துவிடும். பல்லைக் கடித்தால் டி3, டி4 பகுதிகளில் தசை அலை கறுப்பாக எழும்.

கடைசியாக, கண்ணை மூடச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். விழித்திருக்கும் பெரியவருக்குப் பின்தலையில் வினாடிக்கு 8 முதல் 13 வரையிலான ஆல்ஃபா அலை எழும். கண்ணைத் திறந்தால் அடங்கும். பெர்கர் முதலில் கண்டது இதைத்தான். வலப்பக்கம் சற்றே பெரிதாக இருப்பது பலருக்கு இயல்பு. ஒரு பக்கம் பாதிக்கும் கீழே குறைந்திருந்தால், மூளையைச் சந்தேகிக்கும் முன் ஓ1, ஓ2, பி3, பி4 நான்கையும் நாடாவால் மறுபடி அளந்துவிடுங்கள்.

இலக்கணத்துக்கு அடங்காத தலைகள்

விபத்திலோ அறுவை சிகிச்சையிலோ மண்டையோட்டின் ஒரு பகுதி இல்லாதவர்கள் வருவார்கள். எலும்பு இல்லாத இடத்தில் அலை பெரிதாகவும் கூர்மையாகவும் வரும். அதை வலிப்பு அலை என்று நினைத்துவிடும் அபாயம் உண்டு. அந்த இடத்தை அழுத்தவோ தேய்க்கவோ கூடாது. தையல் எஃப்4இன் மேல் இருந்தால் எஃப்4ஐப் பக்கத்தில் நகர்த்துங்கள். அதே தூரம், அதே திசையில் இடப்பக்க எஃப்3ஐயும் நகர்த்துங்கள். ஒன்றை மட்டும் நகர்த்தினால் இரண்டு பக்கங்களை ஒப்பிட முடியாமல் போகும்.

பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு 34 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். பத்து சதவீதம் 3.4தான். அவ்வளவு நெருக்கத்தில் எல்லாவற்றையும் வைக்கத் தேவையில்லை என்பதால் பச்சிளங்குழந்தைகளுக்குக் குறைந்த எண்ணிக்கையே வழக்கம். உச்சிக்குழியை அழுத்தாதீர்கள். தோல் மெல்லியது; தேய்ப்பதை ஈரப்பஞ்சால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பால் கொடுத்துத் தூங்கவைத்து எடுப்பதுதான் குழந்தைக்கும் நல்லது, பதிவுக்கும் நல்லது.

முடிந்ததும் எலக்ட்ரோடுகளை வெதுவெதுப்பான நீரில் நனைத்துக் கழற்றுங்கள். ஒயரைப் பிடித்து இழுத்தால் முடியும் போகும், ஒயரும் போகும். கிண்ணத்தில் காய்ந்த பேஸ்ட்டை மென்மையான பிரஷ்ஷால் சுத்தமாக எடுத்த பிறகே கிருமிநாசினியில் போட வேண்டும்; பேஸ்ட்டுக்கு அடியில் மருந்து போகாது.

பதிவுத் தாளில் மூன்று அளவுகளையும், நகர்த்திய எலக்ட்ரோடு எது, எந்தப் பக்கம், எவ்வளவு என்பதையும், தலையிலுள்ள தழும்பு, வீக்கம் எல்லாவற்றையும் எழுதிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். மருத்துவரிடம் வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தப் பதிவை இன்னோர் ஊரில் வேறொரு மருத்துவர் படிக்கும்போது சொல்ல ஆள் இருக்காது. அதே நோயாளி மறுபடி வரும்போது பழைய தாளிலுள்ள அளவுகளோடு புதியதை ஒப்பிடுங்கள். வளர்ந்த ஒருவரின் தலைச் சுற்றளவு ஆறு மாதத்தில் மாறாது. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் இரண்டில் ஒன்று தவறு. எலக்ட்ரோடு ஒட்டுவதற்கு முன் மறுபடியும் அளந்துவிடுங்கள்.